அக்கா போடாத பந்து

பதுளையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் இரண்டு பையன்களுக்கும் சண்டை. அமெரிக்காவில் நடக்கும் கூடைப்பந்தாட்டத்தைப் போனில் பார்த்துவிட்டு வருவார்கள். வீணாக்காமல் எறிந்து நிறையப் புள்ளி போடுகிறவன் பெரியவனா, தான் போடாமல் மற்றவர்களைப் போடவைக்கிறவன் பெரியவனா என்பது வழக்கு. சோற்றுப் பார்சல் ஆறிப்போகும், வழக்கு ஆறாது. நான் வாயைத் திறப்பதில்லை. இதே வழக்கில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயம் இரண்டாகப் பிரிந்து நின்றதை, அதுவும் என்னை வைத்தே பிரிந்து நின்றதைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

எங்கள் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே. பள்ளிக்கூடமே சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும்போது மைதானத்துக்கு எங்கே போவது? பண்டாரவளையிலிருந்து புதிதாக வந்த விளையாட்டு வாத்தியார், எங்களுக்கு 'சேர்', தோட்டம் முழுக்க நடந்து பார்த்தார். சமதரையான இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் இருந்த சிமெந்துத் தரை. தோட்டத்து மேலாளரான துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி மடுவத்துச் சுவரிலேயே பலகை அடித்து வளையத்தை மாட்டிவிட்டார். ஒரு பக்கம் தராசு, ஒரு பக்கம் வளையம் என்று நாங்கள் ஆடத் தொடங்கினோம்.

தரையின் மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. குறி தவறினால் பந்து உருண்டு உருண்டு கீழே போய்விடும். எறிந்தவள்தான் போய் எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் சட்டம். மழை பெய்த நாட்களில் கீழே போனால் காலெல்லாம் அட்டை. எனக்கு அட்டை என்றாலே உயிர் போய்விடும். ஆகவே நிச்சயமாக விழும் என்று தெரிந்தாலொழிய நான் எறியவே மாட்டேன். வளையத்துக்கு அடியில் போய் நின்றுகொள்வேன், பந்து கைக்கு வந்ததும் பலகையில் பட்டு விழுகிற மாதிரி பக்குவமாகப் போடுவேன். இது பெரிய திறமை என்று சேர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அதில் அட்டைக்கு இருந்த பங்கை நான் அவரிடம் சொல்லவில்லை.

பந்தை என் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவள் அக்கா. அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் மகள், என்னைவிட நாலு வயது மூத்தவள். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது. அக்கா ஒரு பக்கம் பார்த்து ஓடுவாள், பந்து மறுபக்கம் போகும். யார் எங்கே சும்மா நிற்கிறாள் என்பது அவளுக்கு முதுகிலும் கண் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் வளையத்தைப் பார்த்து அவள் கை தூக்கியதை யாரும் கண்டதில்லை.

சாயந்தரம் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்களுக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு. அவர்கள் ஆட்டத்தைப் பார்த்த விதத்தில்தான் வம்பு பிறந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு எல்லாமே நிறுவையாகத்தானே தெரியும்? அங்கே அவரவர் கொழுந்துக்கு அவரவர் கணக்கு. குறித்த எடை வந்தால் முழு நாள் சம்பளம். குறைந்தால் பாதிதான், அதோடு சேர்த்து கங்காணியின் வாயிலிருந்தும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதே மாதிரி எங்கள் ஆட்டத்திலும் எவள் கையால் எத்தனை விழுந்தது என்று ஆளுக்கு ஆள் எண்ணினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கணக்குதான் என்று சேர் எவ்வளவோ விளக்கினார். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவர் திரும்பியதும் மறுபடி தனித்தனியாக எண்ணினார்கள்.

இந்தக் கணக்குமுறை அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. "எம்மக எறிஞ்சா உள்ளதாங்க, வீணாக்கவே மாட்டா" என்று தோட்டத்துக் கடையில் யார் சிக்கினாலும் பிடித்து வைத்துச் சொல்வார். லயத்தில் பாதிப் பேர் அப்பா கட்சி. மீதிப் பேர், அந்தப் பெரிய பிள்ளை கொடுக்காவிட்டால் இவள் எங்கே போடுவாள் என்ற கட்சி. வேடிக்கை என்னவென்றால் பெரியம்மாவும் என் அப்பாவின் கட்சியில் இருந்தார். தன் மகளுக்கு எதிராகவே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதுளை நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு இறுதி ஆட்டம் என்று முடிவான அன்று சாயந்தரம், வரிசையில் நின்ற யாரோ பெரியம்மாவைக் கேட்டுவிட்டார்கள், உன் மகள் சும்மா ஓடி ஓடி வருகிறாளே, அவள் பேரில் ஒன்றுமே இல்லையே என்று. அன்றைக்கு எங்கள் காம்பராச் சுவர் வழியாகப் பெரியம்மாவின் குரல் பலகையில் ஆணி அடிப்பதுபோல வந்தது.

"எல்லாத்தையும் எடுத்து எடுத்து அடுத்தவளுக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட வர்றியேடி! ஞாயித்துக்கெழம நீ ஒண்ணாச்சும் போடணும். போடாம வந்தியோ, இந்தப் பந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். மறுநாளே தையல் கிளாஸுக்குக் கெளம்பு."

அக்கா மெதுவாக "சரிம்மா" என்றது மட்டும் கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா இல்லாத ஆட்டத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவளோடு ஓடாத சாயந்தரம் எனக்கு ஒரு சாயந்தரமாகவே இருக்காது. ஆகவே பாயில் புரண்டபடி ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் போடப்போவதில்லை. எனக்கு வருகிற பந்தையெல்லாம் அக்காவுக்கே கொடுத்து அவளைப் போடவைக்கப் போகிறேன். இதில் என்ன பெரிய கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து லொறியில் லயமே ஏறிவிட்டது. பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து, ரொட்டியும் சம்பலும் கைமாற்றிச் சாப்பிட்டபடி, வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மைதானத்தில் நகரத்துப் பிள்ளைகளைக் கண்டதும் மற்றவர்களின் சிரிப்பும் நின்றுபோயிற்று. எல்லோரும் நெட்டை நெட்டையாக, ஒரே மாதிரிச் சப்பாத்தும் சட்டையுமாக நின்றார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் என் திட்டத்தையும் தொடங்கினேன். வளையத்துக்கு அடியில் அக்கா பந்தைத் தந்தாள். நான் திருப்பி அவளிடமே எறிந்தேன். அது அவளுக்கு எட்டாமல் வெளியே போயிற்று. அடுத்ததை நகரத்துப் பிள்ளை ஒருத்தி சிரமமே இல்லாமல் பிடித்துக்கொண்டு ஓடினாள். அதற்கடுத்தது நடுவர் முதுகில் பட்டது. பந்து கொடுப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சேர் தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார். எனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது என்றே முடிவுகட்டிய அப்பா, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கப் பார்த்தார். அவரை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இடைவேளையில் அக்கா என் காதைப் பிடித்தாள். "என்னாடி ஆச்சு ஒனக்கு?"

"நீ போடலன்னா பெரியம்மா ஒன்னய நிப்பாட்டிருவாங்கல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

 அக்கா காதை விட்டுவிட்டுச் சிரித்தாள். "லூசு! அத நான் பாத்துக்கிறேன். நீ ஒன் எடத்துல போயி நில்லு."

என் இடத்தில் போய் நின்றேன். பந்து வந்தது, போட்டேன். மறுபடி வந்தது, போட்டேன். லயத்து ஆட்கள் தகரத்தைத் தட்டத் தொடங்கினார்கள். முடிவு நெருங்கும்போது ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். அப்போது நெட்டைப் பிள்ளைகள் இருவர் எனக்கு இரண்டு பக்கமும் அணைகட்டினாற்போல நின்றுகொண்டார்கள். கையில் பந்து, போட வழியில்லை. அவர்களின் கைகளுக்கிடையே பார்த்தால், வளையத்துக்குக் கீழே அக்கா தனியாக நிற்கிறாள்! அப்படியே தரையில் தட்டி அனுப்பினேன். என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியாகக் கொடுத்த முதல் பந்து அதுதான்.

அக்கா கையில் பந்து, தலைக்கு மேலே வளையம். பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். "போடுடி! போடு!" என்ற குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. அக்கா கையைத் தூக்கினாள். என்னை விட்டுவிட்டு நெட்டைகள் இருவரும் அவளை மறிக்கப் பாய்ந்தார்கள். அக்கா தூக்கிய கையை அப்படியே பக்கவாட்டில் திருப்பினாள்.

அந்தப் பக்கம் எங்கள் அணியின் ஆகச் சின்னவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றுகொண்டிருந்தாள். அதுவரை ஒரு ஆட்டத்திலும் ஒரு புள்ளியும் போடாதவள். கைக்கு வந்த பந்தைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தாள். அது வளையத்தின் விளிம்பில் குதித்தது, சுற்றியது, யோசித்தது, உள்ளே விழுந்தது.

கூடவே முடிவு விசிலும் ஊதியது. பிறகு நடந்ததெல்லாம் ஒரே கூச்சல். அப்பா தண்ணீர்ப் போத்தலைச் சேரின் தலையில் கவிழ்த்தார். சின்னவளை யார் யாரோ தோளுக்குத் தோள் மாற்றினார்கள். நானும் அக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்து நின்றார். எனக்குச் சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிற்று.

"நீ போட்டிருக்கலாமேடி" என்றார்.

"அவ சும்மா நின்னாம்மா" என்றாள் அக்கா.

 பெரியம்மா முந்தானையால் அக்காவின் முகத்து வியர்வையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். பக்கத்தில் நின்ற அம்மா, "அப்பிடியே ஒன்னய மாதிரிதான்க்கா" என்றார்.

"அதாண்டி பயமா இருக்கு" என்றார் பெரியம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை, லொறியில் பாட்டுத் தொடங்கிவிட்டது. சின்னவள் பெரியம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். தையல் கிளாஸைப் பற்றி அதன்பிறகு சுவர் வழியாக ஒரு வார்த்தையும் வரவில்லை. அக்கா இப்போது லுணுகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறாள். அவளுடைய அணியில் ஒரு பிள்ளையும் பந்தைக் கையில் வைத்திருப்பதில்லை என்று கேள்வி.

போன வருஷம் நான் நிறைமாதமாக இருந்தபோது பெரியம்மா பார்க்க வந்தார். வாசலிலேயே என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் போன திசையைப் பார்த்தபடிதான் அம்மா சொன்னார். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவால் மலை ஏறிப் பறிக்க முடியவில்லையாம். பக்கத்து நிரையில் பறித்த பெரியம்மா, கங்காணி திரும்பும் நேரம் பார்த்து, தன் கூடையிலிருந்து அள்ளி அள்ளி அம்மா கூடையில் போட்டிருக்கிறார். தராசில் அம்மாவுக்கு எடை சரியாக வந்தது. பெரியம்மாவுக்குக் குறைந்தது. சோம்பேறி என்று கங்காணி ஊருக்கு முன்னால் வைத்து ஏசியதை, ஏன் குறைந்தது என்று ஒருவரிடமும் சொல்லாமல், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அதே மடுவத்தில், பிற்பாடு வளையம் மாட்டிய அதே சுவருக்குப் பக்கத்தில்.

ஜெயித்துத் திரும்பிய அன்றைக்கு லொறியில் அவ்வளவு பேரும் பாடிக்கொண்டு வந்தபோது, பாவம், பெரியம்மாவுக்கு மட்டும் இந்த விளையாட்டு விளங்கவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.