டேனியலின் முறை

ஏற்காடு எஸ்டேட் கிளப்பில், நாட்டுக்கு இருவராக அம்பெறியும் டார்ட்ஸ் போட்டி நடந்தது. இந்தியாவுக்கு நானும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் டேனியலும். இறுதி ஆட்டத்தன்று காலையில், அவர் வந்த ஜீப் கொண்டை ஊசி வளைவில் உருண்டுவிட்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

"நாட்டு மானமுங்க, தனியாவே ஆடிருங்க" என்றார் கிளப் செயலாளர். ஆடினேன். ஒவ்வொரு சுற்றிலும் டேனியல் பெயரைக் கூப்பிட்டு, சற்றுக் காத்திருந்து, அவர் முறையைத் தள்ளிவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டபோது, எதிரே ஆடிய இலங்கை ஜோடியில் யாழ்ப்பாணத்துக்காரர் அம்புகளைக் கீழே வைத்தார்.

"போதும் தம்பி. வாங்கோ, அவரைப் போய்ப் பாப்பம்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் டேனியல் கண் திறந்தார். "செயிச்சுட்டமுங்களா?"

நான் யாழ்ப்பாணத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம், நீங்கள்தான் வெண்டனீங்கள்" என்று யாழ்ப்பாணத்துக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் டேனியல் போய்விட்டார். கோப்பையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. டேனியல் கேட்டுப்போன பதிலே எனக்கும் போதும்.