ஓரகத்தியின் கோழிகள்

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மாடியில் நாங்கள். என் ஓரகத்திக்கு நாலு நாட்டுக்கோழி, எனக்கும் நாலு. ஒரே சந்தையில் ஒரே நாளில் வாங்கியவை. அவளுடையவை முட்டையிட்டுத் தள்ளின. என்னுடையவை தின்றதோடு சரி.

அவள் பக்கத்துத் தெரு மரச்செக்குக் கடையில் பாட்டிலில் எண்ணெய் பிடிக்கிற வேலைக்குப் போகிறாள். கடலை ஆட்டியதும் மிஞ்சுகிற புண்ணாக்கில் ஒரு பை அவளுக்குக் கிடைக்கும். அது அவள் கோழிகளுக்கு. எனக்கு ஒரே வயிற்றெரிச்சல், மறைக்க என்ன இருக்கிறது.

ஒருநாள் அவள் கொடுத்தனுப்பிய முட்டையைப் பிட்ட என் வீட்டுக்காரர், "மஞ்சக்கருவப் பாரு, இன்னா கலரு. முட்டைன்னா இதுதான் முட்டை" என்றார். பதினெட்டு வருஷத்தில் என் சமையலை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை மனுஷன்.

கேட்டிருந்தால் அவளே ஒரு பை கொடுத்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை. பஸ் ஏறி சிவாஜிநகர் போய் நானே கடலைப் புண்ணாக்கு வாங்கி வந்தேன். எப்படிப் போடுவதென்று எனக்கா தெரியாது? பிறந்த வீட்டில் பசுமாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைத்துக் கரைத்தே வளர்ந்தவள் நான். அதே மாதிரி ஒரு சட்டி நிறைய ஊறவைத்துக் கோழிகளுக்கு வைத்தேன். மிஞ்சியதைக் கொட்ட மனம் வராமல் மூன்று நாளும் அதையே போட்டேன். புளித்த வாடை அடித்தது. மாட்டுத் தொட்டியிலும் அந்த வாடை வரும் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் நாலும் கழிய ஆரம்பித்தன. இதோ அதோ என்று முட்டைக்கு நின்ற கருங்கோழி மத்தியானத்துக்குள் செத்துப்போனது.

சத்தம் கேட்டு ஓரகத்தி மேலே வந்தாள். சட்டியை முகர்ந்து பார்த்தாள்.

"ஊற வச்சா போட்டீங்க? காய்ஞ்சத இடிச்சு, ராகியில ஒரு பிடி கலந்தா போதும்க்கா. கீழதானே இருக்கேன், ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

சட்டியைக் கொட்டிக் கழுவினாள். மற்ற மூன்றுக்கும் நல்ல தண்ணீர் வைத்தாள். பிறகு கருங்கோழியை மடியில் எடுத்துப் போட்டுத் தடவினாள். அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. என் கோழிக்கு அழுவதிலும் அவளே முந்திக்கொண்டாள்.