கூட்டம் வீட்டுக்குப் போன கதை

அறுபத்தைந்தில், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, சிதம்பரத்தில் நான் சரித்திரம் நடத்திய டுட்டோரியல் வகுப்பில், பையன்களை யாரும் தூண்டிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்தார்கள். கடலூரிலிருந்து வந்தவர். காக்கி நிக்கர், அம்மைத் தழும்பு முகம். லத்தியை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அதன் நுனியில் மோவாயை வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார்.

அன்றைய பாடம் பிரெஞ்சுப் புரட்சியும் ரஷ்யப் புரட்சியும். காரணங்களைத் தைரியமாகவே சொன்னேன்: இரண்டு நாட்டிலும் ரொட்டிப் பஞ்சம், இரண்டிலும் யார் பேச்சையும் கேட்காத அரசன். விளைவுகள் வந்ததும் லத்தி கண்ணில் பட்டது. அரசன் உயிர் போனதைச் சொன்னால் நான் போலீஸ் வேனில் போவேன். ஆகவே இரண்டு தேசத்து ஜனங்களையும் சமாதானமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ரஷ்யாவில் குளிர் வேறு, சீக்கிரமே போய்விட்டார்கள்.

பையன்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் எழுந்தார்.

"என்னா சார், கூட்டம் தானா வூட்டுக்குப் போயிடுமா?"

"போயிடும் ஏட்டையா." பயத்தில் பதவி உயர்வே கொடுத்துவிட்டேன்.

"அப்ப நேத்து ஊர்வலம் வந்த புள்ளைங்கள எதுக்குய்யா என்னை அடிக்கச் சொன்னானுங்க? ஒருத்தன் மண்ட ஒடஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கான். சொன்னவன் ஜீப்ப வுட்டே எறங்கல. தானா போறவன நான் ஏன்யா அடிச்சேன்?"

கத்திவிட்டு வெளியே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

எனக்கும் சுரீர் என்றது. இரண்டு அரசர்களையும் அவர் காதில் விழும்படி உரக்கக் கொன்றேன். அவர் திரும்பவேயில்லை. கூட்டம் தானாகப் போகாது என்ற அந்த உண்மை அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் எரிந்ததா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.