புயலன்று சுட்ட பணியாரம்

புத்தாண்டுக் காலையில் கொர்னேலியஸ் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம் வந்த உடம்பு. எலும்பு எதுவும் முறியவில்லை என்று அவர் மனைவி ஆகத்தா தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஆனால் அந்த வயதில் தனியாக அவரைத் தூக்க அவளால் முடியாது. மனிடோபா மாகாணத்தில் வீசிய பனிப்புயலில் சாலை மூடிவிட்டதால் உதவிக்கு வரும் பெண்ணும் வரவில்லை. தரையின் குளிரில் வெகுநேரம் இருந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

அவருக்கு அடியில் கம்பளியைச் செருகி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஆகத்தா சுருக்கமாக ஜெபித்தாள். பிறகு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"நான் இங்க கெடக்கேன், நீ பணியாரம் சுடுறியா?"

"வருஷப் பொறப்புக்குப் பாட வர்றவங்களுக்கு வேற என்னத்தக் குடுக்க?"

"இந்தப் பனியில எவன் வருவான்?"

"அது ஆண்டவர் பாடு. வருஷம் பூரா நம்மளப் பாத்துக்கிட்டவருக்கு இன்னிக்கு மட்டும் லீவா? மாவு பொங்கிருச்சு, சும்மா இருங்க."

பாதி சுட்டபோது வாசலில் உறுமி போன்றதொரு மேளம் முழங்கியது. வீடு வீடாகப் பாடும் நான்கு பேர் டிராக்டரால் பனியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆகத்தா அடுப்பை அணைத்தாள்.

"பாட்டு அப்புறம். உள்ள வாங்க. கக்கத்துல கை குடுக்காதீங்க, தோள் எறங்கிரும். கம்பளியோட தூக்குங்க."

கட்டிலில் ஏற்றியபின் அவர்கள் பாடினார்கள். கொர்னேலியஸும் கோணிய வாயால் சேர்ந்து பாடினார்.

"அவங்களுக்கு மட்டுந்தானா பணியாரம்?" என்றார்.

"நன்றி ஆண்டவரே" என்று முணுமுணுத்தபடி ஆகத்தா ஒன்றைச் சிறிதாகப் பிய்த்து, ஊதி ஆற்றி, அவர் வாயில் உணர்வுள்ள பக்கத்துக் கன்னத்துக்குள் வைத்தாள்.