மின்சாரமும் சேர்த்து வாடகை

மலிவான மின்சாரம் யாரிடம் இருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல நோர்வேயில் இணையதளங்கள் ஏராளம். அந்தத் தளங்களில் எது யோக்கியமானது என்று ஒப்பிட்டுச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, என் குசினி மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, இதை நான் கண்டுபிடித்தேன்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில் ஒரு வரிசைவீட்டின் மேல்தளத்தில் இருக்கிறேன். கணவர் காலமான பிறகு வீட்டுக்கடனைத் தனியாகக் கட்ட முடியாமல் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டேன். முழு வீட்டுக்கும் ஒரே மீற்றர்தான். ஆகவே மின்சாரமும் சேர்த்துத்தான் வாடகை. முதலில் இருந்தவன் ஒரு நோர்வே மாணவன். நல்ல பிள்ளை, ஒரு சோலி சுரட்டு இல்லை. ஆனால் ஹீற்றரை உச்சத்தில் விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துகொண்டு தூங்குவான். ஹொல்ம்லியாவின் காற்றையெல்லாம் நான்தான் காசு கட்டிச் சூடாக்கினேன். அவனுக்கு எத்தனையோ தரம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவன் போனபின் ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி வந்தார்கள். தம்பிக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் கணினி வேலை. அவர் மனைவி அப்போது ஏழு மாதம். வந்த அன்றே என்னை ஆன்ட்டி என்றார் தம்பி. ஆன்ட்டி என்றால் வாடகை கூடும், அக்கா என்றால் அதே வாடகை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவைத் தவிர வேறு சொல் கேட்கவில்லை. நான் அவரை 'நீர்' என்று கூப்பிட்டதும் அவருக்குச் சிரிப்பு. ராஜா காலத்து நாடகத்தில் நிற்பது போல இருக்கிறதாம். திருகோணமலையில் தம்பிமாரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பெண்ணின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. பிள்ளைப்பெற்ற உடம்போடு, முதல் குளிர்காலத்தில், ஒரு துணையும் இல்லாமல் இருந்தாள். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எனக்குப் பின்னேர வேலை உள்ள நாட்களில், காலையில் குழந்தையைச் சுற்றிக்கட்டிக்கொண்டு மேலே வருவாள். “கொஞ்ச நேரம் இங்க இருக்கலாமா அக்கா?” என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பாள். ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பாள். நான் கதைப்பேன், அவள் கேட்பாள். அதிகம் பேசாத பெண். எனக்கு அந்த இரண்டு பேரும் வருவது பிடித்திருந்தது. ஒளித்து மறைத்து என்ன, அதற்காகவே விடிய எழும்பினேன்.

ஒரு மனக்குறை மட்டும் இருந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து என்னை ஒருநாளும் அவர்கள் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. பிள்ளைப்பெற்றவளுக்கென்று மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொண்டுபோனால், வாசலிலேயே சட்டியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். தீட்டுப் பார்க்கிறார்களா? அல்லது நாங்கள் என்ன ஆட்கள் என்று பார்க்கிறார்களா? இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அப்படித்தான் என்று வாய்வரை வந்ததை யாரிடமும் சொல்லாமல் விழுங்கினேன்.

மார்கழி மாதத்து மின்சார பில் வந்தபோது, அதை ஒருதரம் வாசித்துவிட்டுக் குப்புற வைத்தேன். விலை அப்படி ஏறியிருந்தது. என் ஒப்பந்தம் மணிக்கு மணி விலை மாறுகிற வகை. சந்தையில் என்ன விலையோ அது என் தலையில். இதே மாதிரிப் போனால், மின்சாரத்தை வாடகையிலிருந்து பிரித்து அவர்கள் தலையில் போடவேண்டி வரும். ஒரு சம்பளத்தில் மூன்று பேர். அவர்களால் தாங்க முடியாது. ஊருக்கு வெளியே லில்லெஸ்ட்ரோம் பக்கம் எங்காவது சின்ன அறையொன்று பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையோடு குளிர் முடியுமுன்னே போய்விடுவார்கள். அவர்கள் போகக்கூடாது. அதற்காகத்தான் நான் இணையதளம் தேடப் புறப்பட்டேன், லாபம் பார்க்க அல்ல.

முதல் இணையதளத்தின் படத்தில் ஒரு நோர்வேக் குடும்பம் போர்வைக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்தது. அஞ்சல் எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். விலை சொல்லுமென்று பார்த்தால், தொலைபேசி எண்ணைக் கேட்டது. அதையும் கொடுத்தேன். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்குமுன் போன் அடித்தது. ஒரு பெடியன் நீண்டநாள் பழகியவன்போல என் முதற்பெயரைச் சொல்லி, இன்றைக்கு மட்டும் ஒரு சலுகை என்றான். அடுத்த நாளும் அடித்தான். இரண்டாவது தளம் எண் கேட்கவில்லை. ஆனால் பச்சைப் பெட்டிக்குள் 'எங்கள் தெரிவு' என்று ஒரு நிறுவனத்தை உச்சியில் வைத்திருந்தது. அதைவிட மலிவானது கீழே, பொடி எழுத்தில் கிடந்தது. கோயில் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு தளம் சொன்னார்கள், பிறகு தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். வேலையில் ஒரு நோர்வேக்காரியிடம் கேட்டேன். அவள் வாழ்க்கையிலேயே நிறுவனம் மாற்றியதில்லையாம், எல்லாம் ஒன்றுதான் என்றாள். அவளுக்கு மலையில் ஒரு விடுமுறைக் கபினும் கடற்கரையில் ஒரு கபினும் இருக்கின்றன.

கடைசியில் கீழே இருக்கும் தம்பியையே பிடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு மேலே வந்தார். அவளும் குழந்தையோடு வந்து தன் வழமையான கதிரையில் இருந்தாள். தம்பி எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: இந்தத் தளத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஒப்பந்தம் எழுதும் ஒவ்வொரு ஆளுக்கும் மின்சார நிறுவனம் தரகு கொடுத்தால், தளம் அந்த நிறுவனத்தைத்தானே மேலே வைக்கும் என்றார். எனக்கு அவ்வளவு கணக்குத் தெரியாது. நான் கடைக்குப் போனால் விலை ஒட்டாத பொருளைக் கையில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரின் வழியும் ஒரே இடத்துக்கு வந்தது. அரசாங்கம் நடத்துகிற ஒரு தளம். சிரிக்கிற குடும்பம் இல்லை, போன் எண் இல்லை, பச்சைப் பெட்டி இல்லை. சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாக விலைகள். பார்க்கவே பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. அதனாலேயே நம்பினேன்.

அது ஒன்றே ஒன்றுதான் கேட்டது: வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் பாவிக்கிறீர்கள்? எனக்குத் தெரியவில்லை. மின்கம்பி நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குள் போனால் மணிவாரியாகப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னார். இங்கே எல்லாக் கதவுக்கும் சாவியான என் வங்கி அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனோம். போன குளிர்காலமும் இந்தக் குளிர்காலமும் பக்கத்தில் பக்கத்தில் கோடுகளாக வந்தன.

போன வருடத்துக் கோடுகள் உயரமாக நின்றன, ஜன்னலைத் திறந்து தூங்கியவனின் புண்ணியம். இந்த வருடத்துக் கோடுகள் குட்டை. கொஞ்சம் அல்ல, நன்றாகவே குட்டை. விலை ஏறியதால் பில் குறையவில்லை, அதனால்தான் எனக்குப் பிடிபடாமல் போயிருக்கிறது. ஒருவன் இருந்த இடத்தில் மூன்று பேர். அதில் ஒன்று கைக்குழந்தை. தை மாதம். எப்படிக் குறையும்?

“என்ன தம்பி, வேறை ஆரோ ஆக்களின்ரை வீட்டுக் கணக்கையோ பாக்கிறம்?” என்று கேட்டேன்.

தம்பி கழுத்தைச் சொறிந்தார். இந்த வருடம் குளிர் குறைவு என்றார். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அவள்.

“கீழ நாங்க ஹீட்டர் போடறதில்லக்கா. குழந்தை தூங்குற ரூம்ல மட்டும் கொஞ்சமா வெச்சுக்குவோம். மத்ததெல்லாம் ஆஃப்.”

ஏன் என்று கேட்டேன். நான் கேட்ட விதத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

“நீங்க முதல் நாளே சொன்னீங்களே, கரண்ட் பில்லப் பாத்தா நெஞ்சடைக்குதுன்னு. வாடகையும் நீங்க ஏத்தல. நாங்க இஷ்டத்துக்குப் போட்டா நல்லாவா இருக்கும்?”

அப்படி நான் சொன்னதாக எனக்கு ஞாபகம்கூட இல்லை. சொல்லியிருப்பேன். ஒஸ்லோவில் யார் சொல்லவில்லை? ரயிலில், கோயிலில், கடையில் எங்கள் ஆட்கள் கண்டவுடன் கதைப்பது அதைத்தானே. ஆனால் இந்தப் பிள்ளைகள் அதை மகளுக்குச் சொல்லி மருமகளுக்குக் கேட்கவைக்கிற பேச்சாக எடுத்திருக்கிறார்கள். எடுப்பார்கள்தான். வீட்டுக்காரி நேரே சொல்லமாட்டாள், சாடையாகத்தான் சொல்வாள், மரியாதை தெரிந்தவன் புரிந்துகொள்ளவேண்டும். எங்கள் எல்லோரையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். உண்மையாகச் சாடை சொன்னபோது அந்த நோர்வேப் பெடியனுக்குக் கேட்கவில்லை. சொல்லாத சாடை இவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டேன். பிள்ளைப்பெற்றவளிடம் யாரும் கேட்கிற கேள்விதான்.

“சுடுதண்ணியிலைதானே குளிக்கிறனி?”

அவள் கணவனைப் பார்த்தாள். “அளவா,” என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. பச்சை உடம்புக்காரி, என் கூரைக்குக் கீழே, எனக்காக அளவாகக் குளித்திருக்கிறாள். கதவைச் சாத்தியதும் அப்போதுதான் விளங்கியது. உள்ளே வந்தால் அக்காவுக்குக் குளிர் தெரிந்துவிடும், தெரிந்தால் அக்கா வருத்தப்படுவாள் என்று சாத்தியிருக்கிறாள். நானோ தீட்டு, சாதி என்று என்னென்னவோ நினைத்துப் புழுங்கியிருக்கிறேன்.

விலை மாறாத ஒப்பந்தம் எது என்று காட்டச் சொன்னேன். தம்பி வரிசையை மாற்றினார். வருடம் முழுக்க ஒரே விலை, ஆனால் சராசரியாகப் பார்த்தால் மற்ற வகையைவிடக் கொஞ்சம் கூடுதல். மணிக்கு மணி மாறுவதையே வைத்துக்கொள்ளலாம், மலிவான நேரத்தில் மட்டும் பாவித்தால் எல்லோருக்கும் மிச்சம் என்று விளக்கத் தொடங்கினார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

“மலிவான நேரம் பாத்துப் பிள்ளைக்குக் குளிரெடுக்காது, தம்பி. அமத்தும்.”

அந்த ஒப்பந்தத்தின் பொத்தானை அமத்தினார். ஒரு வருடத்துக்கு ஒரே விலை. எவ்வளவு கூடினாலும் எனக்கு முன்கூட்டியே தெரியும், நெஞ்சடைக்கத் தேவையில்லை. கூடுகிறதற்கு நான் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுதலாக வேலைக்குப் போனால் சரி.

பிறகு கேளாமலே கீழே இறங்கினேன். அவர்கள் என் பின்னால் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்ததும் கால் சில்லிட்டது. சோபாவின் மேல் இரண்டு ஜாக்கெட்டுகள் போர்வையாகக் கிடந்தன. நான் ஒவ்வொரு ஹீற்றராகப் போய்த் திருகினேன், குளியலறைத் தரைக்கு அடியில் இருக்கும் சூட்டையும் போட்டேன். இதில் யாராவது கை வைத்தால் அடுத்த மாதமே வாடகையை ஏற்றுவேன் என்று சொன்னேன். தம்பி தலையாட்டினார். அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை முந்திவிட்டது. நானும் நின்று பார்க்க முடியாமல் மேலே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அதட்டிவிட்டேனோ, மனம் நொந்துவிட்டாளோ என்று பயந்தேன். பிறகுதான் உறைத்தது. கீழே சூடாக இருக்கிறது, அவள் ஏன் மேலே வரவேண்டும்? இத்தனை நாளும் அவள் வந்தது என் கதை கேட்க அல்ல, என் ஹீற்றருக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு வலித்தது. வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மூன்றாம் நாள் நானே தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைத் தட்டினேன். கோப்பைகளை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் தலை ஈரத்தோடு, துவாய் சுற்றியபடி வந்து கதவை முழுதாகத் திறந்தாள்.

“உள்ள வாங்கக்கா,” என்றாள்.

குழந்தை ஒரு மெல்லிய சட்டையோடு நிலத்தில் விரித்த துணியில் கிடந்து உதைத்துக்கொண்டிருந்தான். மேலே வந்த நாளெல்லாம் கம்பளிக்குள் இருந்து முகம் மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளையின் காலை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன்.