மூன்று மணிக்கே முடிந்துபோன கச்சேரி

அதிகாலை நான்கு மணி. அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து வடக்கே மாயாபந்தருக்கு ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோமீட்டர். ஒரு ராக் பேண்டைக் கேட்கத்தான் போகிறேன் என்றதும் பேருந்து ஓட்டுநர் அந்தோணி சிரித்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவருக்கு ஊர் மாயாபந்தர்தான்.

“விழாவுல பாட மெயின்லேண்ட் ஸ்டார் வர்றாரே, அந்த ப்ரோக்ராமா?”

“இல்லண்ணே, உங்க ஊரு பேண்டு. பேரு லாஸ்ட் போட்.”

“எங்க ஊர்ல ராக் பேண்டா? பக்வாஸ்! சும்மா கதை விடாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் அந்தக் குழுவின் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியிருந்தார். அதிலிருந்து எனக்கு வேறு பாட்டே மனதில் ஏறவில்லை.

ஜிர்காடாங் சோதனைச்சாவடியில், பழங்குடியினர் காட்டுக்குள் வாகனங்கள் அணியாகக் கிளம்பும்வரை காத்திருப்பு. தேநீர் பதினைந்து ரூபாய். பிறகு காடு, பேருந்தோடு படகில் ஏறிக் கடலைக் கடப்பது, மறுபடியும் காடு. மதியம் இரண்டு மணிக்கு மாயாபந்தர்.

விழா மைதானம் முழுக்க ஸ்டாரின் முகம். லாஸ்ட் போட் என்ற பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. மேடைக்குப் பின்னால் டிரம்மர் ஸ்டெல்லாவைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதிருக்கும், மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார்.

“எங்களுக்கு மூணு மணிக்குங்க. மைக் டெஸ்டிங்.”

“ராத்திரி?”

“ராத்திரி ஸ்டாருக்கு. எங்கள வச்சு சவுண்ட் செட் பண்ணிக்குவாங்க. போன வருஷமும் அப்படித்தான்.”

கேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசிக்க வைத்தார்கள். கிதார் வாசித்த, இங்கே குடியேறிய கரேன் இனத்தவரான சா பீட்டர், உப்புக்காற்றில் மங்கிப்போன கம்பிகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து மாட்டியிருந்தார். அந்தக் கம்பிகளிலிருந்து அப்படியொரு கோபம் வந்தது. ஸ்டெல்லாவின் தாளம் பழைய படகு எஞ்சின் போல ஓர் அடியை விட்டுவிட்டு அடுத்ததில் பாய்ந்து பிடித்தது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை மறந்து நின்றார்கள்.

“ஹோ கயா, ஹோ கயா!”, முடிந்தது போதும் என்று கைதட்டி நிறுத்தினார் விழா அமைப்பாளர். அவர்களுக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ராத்திரி இவர்களை ஏன் ஏற்றக்கூடாது என்று அவரிடமே கேட்டேன். “லோக்கல் ஆளுங்கதானே ஜி, எப்ப வேணா கேக்கலாமே” என்றார். எப்போது ஐயா? கேட்டைப் பூட்டிய பிறகா?

ஏழு மணிக்கு ஸ்டார் வந்து ஒரு மடிக்கணினியைத் திறந்தார். தாளம், கிதார் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. ஸ்டெல்லாவை வைத்துச் சரிசெய்த மைக்குகள் ஆளில்லாத டிரம்மைச் சுற்றி நின்றன. “ஹலோ போர்ட் பிளேர்!” என்று கத்தினார். நாங்கள் நின்றது மாயாபந்தரில். அதற்கும் ஊரே ஆரவாரம் செய்தது. இந்த அக்கிரமத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

மறுநாள் விடியலில் அதே பேருந்து, அதே அந்தோணி.

“நேத்து மத்தியானம் மைதானத்துக்கு வெளிய, பூட்டுன கேட்டுக்கிட்டதான் பஸ்ல படுத்திருந்தேன். ஸ்பீக்கர்ல ஏதோ மெயின்லேண்ட் ரெக்கார்டு போட்டாங்க பாருங்க, தூக்கமே போயிருச்சு! ராத்திரி அந்த ஸ்டார்கிட்ட அதுல பாதிகூட இல்ல.”

“அது ரெக்கார்டு இல்லண்ணே. லாஸ்ட் போட். டிரம் வாசிச்சது ஸ்டெல்லா.”

“எந்த ஸ்டெல்லா? ஐஸ் வண்டி ஸ்டெல்லாவா?”

கியர் மேல் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

“எங்க எதிர்வீட்டுப் பொண்ணுங்க அது” என்றார். பிறகு கியரைத் தள்ளிக்கொண்டே முகம் சிவக்கக் கேட்டார்: “அப்ப கேட்டை எதுக்குப் பூட்டுனானுங்க?”