கண்ணாடிக்குள் நின்ற எதிரி

குருவிப் பெட்டி பார்ப்பது என் வேலை என்று சொன்னால் எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். சம்பளமில்லாத வேலைதான். பறவைப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து திருகோணமலையில் ஆங்காங்கே மரங்களில் பலகைப் பெட்டிகள் கட்டியிருக்கிறோம். முட்டை இருக்கிறதா, குஞ்சு பொரித்ததா என்று கிழமைக்கொரு தடவை பார்த்து வாட்ஸ்அப் குழுவில் சொல்லவேண்டும். என் வாசல் வேப்பமரத்துப் பெட்டியையும் கிழமைக்கொரு தடவைதான் பார்த்தேன் என்றால் அது பச்சைப் பொய். பல் தீட்டிக்கொண்டே பார்ப்பேன்.

அதில் ஒரு குண்டுக்கரிச்சான் சோடி குடிவந்தது. மூன்று குஞ்சுகள். குழுவில் நான் அளந்த அளப்பைப் பார்த்து, பேரப்பிள்ளை பிறந்ததோ என்று ஒருத்தி கேட்டாள். யார் கண் பட்டதோ, தாய்க் குருவியைப் பூனை பிடித்துவிட்டது. மதிலடியில் சிறகுகள்தான் கிடந்தன. இனித் தகப்பன் ஒருத்தர்தான் மூன்று வாய்க்கும் புழு பிடிக்கவேண்டும்.

தகப்பனாருக்கோ வேறு அலுவல் இருந்தது. கிண்ணியாக்கார நானா ஒருவர், சவாரிக்கு ஹயர் இல்லாத நேரங்களில் அந்த வேப்பமர நிழலில்தான் தன் ஆட்டோவை விடுவார். அதன் பக்கக் கண்ணாடியில் இன்னொரு கரிச்சான் தெரிந்தது. தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று நினைத்து, தகப்பனார் நாள் முழுக்கக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் குஞ்சுகள் பசியில் கத்தின. அட மடையா, பிள்ளைகள் சாகுதடா என்று நான் திட்டியதும் அவர் காதில் ஏறவில்லை.

"உங்கட குருவிக்கு விசர் டீச்சர். ஆட்டோவெல்லாம் எச்சம்," என்றார் நானா.

"கண்ணாடியத் திருப்பி விடுங்கோ நானா. குஞ்சுகளின்ட தாயையும் பூனை பிடிச்சிட்டுது."

"ஏலாது. கறள் பிடிச்சு இறுகிப் போச்சு. திருப்பினா உடைஞ்சிடும்."

உள்ளே போய் என் கணவர் சப்பாத்துக்குள் காலுறையாகப் போடும் மேஸ் ஒரு சோடியை எடுத்துவந்து, இரண்டு கண்ணாடிகளுக்கும் மாட்டிவிட்டேன். எதிரி மறைந்தான். தகப்பனார் புழு தேடப் போனார். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நானா அவசர ஹயர் ஒன்றுக்கு மேஸோடேயே பறந்து, பஸ் நிலையத்தடியில் பொலிசிடம் மாட்டிக்கொண்டார். குருவிக்காகப் போட்டது என்று இவர் விளக்கம் சொல்ல, பொலிஸ்காரர் வாயை ஊதிக் காட்டச் சொன்னாராம்.

"ஒரு நாளும் குடிக்காதவன் நான். பின்னுக்கு இருந்தது எங்கட ஹாஜியார், டீச்சர்," என்று சொல்லி மேஸை என் கையில் தந்தார். "இனி இந்த விளையாட்டு ஏலாது."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் போனபிறகு பயம் பிடித்தது. நாளைக்குக் கண்ணாடி மறுபடி வெறுமனே நிற்கும். குஞ்சுகள் பட்டினியில் எத்தனை நாள் தாங்கும்?

காலையில் பார்த்தால் வேப்பமரத்தடியில் ஆட்டோ இல்லை. ஒழுங்கை முகப்பில், வெட்டவெளியில் நின்றது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதம் அது. நானா மட்டும் மர நிழலில் ஒரு கல்லில் குந்தியிருந்தார்.

"நான் இங்க இருந்தா அது கொத்தாதுதானே," என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஆட்டோவில் ஏறியவர்களெல்லாம் இருந்த வேகத்தில் எழும்பினார்கள். சீற்று சுடுதென்று பேச்சு வாங்கிய நானா ஈரத் துவாயை விரித்துச் சமாளித்தார். தகப்பனார் காலையிலிருந்து பொழுதுபடும் வரை புழுவும் வெட்டுக்கிளியும் சுமந்தார்.

ஒரு நாள் மூன்று குஞ்சுகளும் பெட்டியைவிட்டு வெளியே வந்தன. கட்டை வாலோடு தரையில் தத்தித் திரிந்தன. சந்தோசத்தில் நான் ஒழுங்கை முகப்புக்கு ஓடினேன்.

"மூண்டும் வெளிய வந்திட்டுது நானா. இனி ஆட்டோவ நிழலில விடுங்கோ."

அவர் வந்து மரத்தடியைக் குனிந்து பார்த்தார்.

"பறக்கத் தெரியாம நிலத்தில நிக்குதுகளே டீச்சர். டயருக்குக் கீழ வந்திட்டா?"

நானா துவாயை மறுபடி நனைக்க என் வீட்டுப் பைப்படிக்குப் போனார்.

"தாயில்லாத பிள்ளைகள்," என்றார். "ஆட்டோ வெயிலில நிண்டா ஒண்டும் ஆகாது."